ஆக்ராவில் இரண்டு நாள்: எதிர்க்கரையிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆக்ராவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் டெல்லியில் ரயிலோ காரோ ஏறி, மதியம் தாஜ்மகால் முன்னால் வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கோட்டையைச் சுற்றிவிட்டு, இரவு டெல்லிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பார்த்தாயிற்று என்ற திருப்தி இருந்தது. எதைப் பார்த்தேன் என்று கேட்டிருந்தால் "வெள்ளையா, பெரிசா இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

முகலாயர் காலத்து ஆக்ரா யமுனையின் இரு கரையிலும் வரிசையாக அமைந்த தோட்டங்களின் ஊர். ஜெய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஒரு துணி வரைபடம் இருக்கிறது. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட தோட்டங்கள் ஆற்றோரமாக ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. தாஜ் அவற்றில் ஒன்று. அந்த வரிசையில் மிச்சமிருக்கும் சிலவற்றை முதலில் பார்த்துவிட்டுத் தாஜுக்குள் போனால், அங்கே ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். அதற்கு இரண்டு நாள் வேண்டும். ஒரு நாள்தான் முடியும் என்றால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குப் பயன்படாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் கிழமை, அப்புறம் மாதம்

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மதியத் தொழுகைக்கு வருபவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைப்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டாவது பயணத்தில் தேதியை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டு, குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூடிய வாசல் முன்னால் போய் நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, வாராவாரம் இப்படி நாலு குடும்பமாவது அங்கே வந்து நிற்கும் என்று. மற்ற இடங்கள் எல்லாம் வெள்ளியன்றும் திறந்திருக்கும். அதனால் வேறு வழியில்லாமல் வெள்ளி மாட்டிக்கொண்டால் அதை முதல் நாளாக வையுங்கள். தாஜ் சனிக்கிழமை விடியற்காலைக்குப் போகட்டும். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் என் விருப்பம் திங்கள் முதல் வியாழனுக்குள் ஏதாவது இரண்டு நாள்.

மாதம் என்றால் அக்டோபர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தாஜ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும்தான் நான் சொல்லும் நேரம்: காலையில் லேசான குளிர், தோட்டங்களில் பூ, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம் என்பதால் கூட்டமும் சற்றுக் குறைவு. மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும். பளிங்கு மேடையில் அந்த வெயிலில் நின்றால் கண்ணைத் திறக்கவே முடியாது.

2. போய்ச் சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தில் நிற்கிறது. அது விடியலுக்கு வெகு முன்னால் அங்கே போய்ச் சேரும் வண்டி. இறங்கியதும் நேராக அறைக்குப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டெல்லி வரை விமானத்தில் போய், ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நூறு நிமிடத்தில் ஆக்ரா. அது வெள்ளிக்கிழமை ஓடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தாஜ்கஞ்ச் அல்லது ஃபதேஹாபாத் சாலைப் பக்கம் தங்குங்கள். தாஜின் கிழக்கு வாசல் அங்கிருந்து பக்கம். 2024 மார்ச்சில் மெட்ரோவும் வந்துவிட்டது. தாஜ் கிழக்கு வாசல், தாஜ்மகால், ஆக்ரா கோட்டை என்று நமக்கு வேண்டிய நிலையங்கள் அதே வழித்தடத்தில் இருக்கின்றன. ஆனால் முதல் நாள் நாம் போகப்போவது ஆற்றின் மறுகரைக்கு. அதற்கு ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதுதான் வசதி. பேசும்போதே நாலு இடங்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, "கடைக்குப் போக வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

நுழைவுச் சீட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுக்கலாம். தாஜுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேடைக்கு ஏற இன்னும் 200. இந்த 200ஐ மிச்சம் பிடிக்காதீர்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மற்ற இடங்களுக்கு இதைவிடக் குறைவுதான். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. முதல் நாள் காலை: ராம்பாக்

காலை ஏழரைக்குக் கிளம்பி யமுனைப் பாலத்தைத் தாண்டி வடக்கே போங்கள். ராம்பாக் என்று பலகை இருக்கும். ராமருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆராம்பாக், அதாவது இளைப்பாறும் தோட்டம் என்ற பெயர் நாளடைவில் ராம்பாக் ஆகிவிட்டது.

1526இல் பானிபட்டில் இப்ராஹிம் லோடியை வென்ற பாபர், கோடையில் ஆக்ரா வந்து சேர்ந்தார். வெயில், புழுதி, வெப்பக் காற்று. நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, ஓடும் நீர் இல்லை என்று தன் நினைவுக் குறிப்புகளில் புலம்பித் தள்ளியிருக்கிறார். காபூலில் மலைச் சரிவு உண்டு. ஊற்று நீரைத் திருப்பிவிட்டால் அது தானாகப் படிப்படியாக இறங்கித் தோட்டத்துக்குள் ஓடும். இங்கே எல்லாம் தட்டை நிலம். தண்ணீரோ கீழே ஆற்றில். மேலே தூக்கினால்தான் தோட்டம். அதனால் அவர் ஆற்றங்கரையை ஒட்டியே இடம் தேர்ந்தார், கிணறு வெட்டினார், நீரை மேலே ஏற்றிச் சரிவு உண்டாக்கினார். முகலாயத் தோட்டம் இந்தியாவில் ஆற்றோரத் தோட்டமாக மாறியது இந்த ஒரு சிக்கலால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை தாஜில் இது மறுபடி வரும்.

ராம்பாக்கில் நீங்கள் பார்க்கப்போவது மாடி மாடியாக அமைந்த தரை, கல் வாய்க்கால்கள், ஆற்றை நோக்கிய மேடையில் இரண்டு மண்டபங்கள். தோட்டம் பாபரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்டாலும் மண்டபங்கள் ஜஹாங்கீர், அவர் மனைவி நூர்ஜஹான் காலத்தவை. அப்போது இதற்கு நூர் அஃப்ஷான் தோட்டம் என்று பெயர். 1530இல் ஆக்ராவில் இறந்த பாபரின் உடலை முதலில் இந்த ஆற்றோரத்தில்தான் அடக்கம் செய்து வைத்திருந்தார்கள் என்பார்கள். பிறகு அவர் விரும்பியபடியே காபூலுக்குக் கொண்டுபோனார்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த இடம் முதல் பார்வைக்கு ஏமாற்றமாக இருக்கும். வாய்க்கால்களில் தண்ணீர் இல்லாத நாட்கள்தான் அதிகம். காலை நடைக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர்களும் கல்லூரிக் காதலர்களும் அணில்களும்தான் இருப்பார்கள். முக்கால் மணி நேரம் போதும். கிணற்று மேடையை மட்டும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

4. சீனி கா ரௌஸா: பத்து நிமிடமாவது நில்லுங்கள்

ராம்பாக்கிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில், வழியிலேயே இருக்கிறது. ஷாஜஹானின் முதன்மை அமைச்சர் அஃப்ஸல் கான் ஷிராஸி தனக்காகக் கட்டிக்கொண்ட கல்லறை. அவர் 1639இல் லாகூரில் இறந்தார். கட்டடம் முழுக்க ஒரு காலத்தில் நீலமும் மஞ்சளும் பச்சையுமாகப் பூச்சு ஓடுகள் பதித்திருந்தது. அதனால்தான் "சீனி", அதாவது சீனத்துப் பீங்கான் என்ற பெயர். இப்போது பாதிக்கு மேல் உதிர்ந்து செங்கல் தெரிகிறது. மிஞ்சிய திட்டுகளில் காலை வெயில் படும்போது அந்த நீலம் கண்ணைப் பறிக்கும்.

இங்கே ஒரு பெயரை நினைவில் வையுங்கள். இந்த அமைச்சருக்கு ஒரு சகோதரர், எழுத்துக் கலைஞர். அப்துல் ஹக் என்று பெயர். பிற்காலத்தில் அமானத் கான் என்ற பட்டம் பெற்றார். அவரை இன்னும் இரண்டு இடங்களில் சந்திக்கப்போகிறோம்.

5. இதிமாத்-உத்-தௌலா: அவசரப்படாத இடம்

இன்னும் தெற்கே வந்தால் இந்தக் கல்லறை. ஆட்டோக்காரர்கள் "பேபி தாஜ்" என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. தாஜுக்கு முன்னால் பிறந்ததைக் குழந்தை என்றால் எப்படி? பாட்டி என்றாலாவது கணக்கு சரியாக வரும்.

பாரசீகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு கிளம்பிய மிர்ஸா கியாஸ் பேக், அக்பரிடம் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ஜஹாங்கீரின் அமைச்சரானார். இதிமாத்-உத்-தௌலா என்பது அவருடைய பட்டம். வரும் வழியில் காந்தஹாரில் பிறந்த மகள்தான் நூர்ஜஹான். 1611இல் ஜஹாங்கீரை மணந்த பிறகு நிர்வாகமே அவள் கைக்கு வந்தது. 1622இல் தந்தை இறந்ததும், அவருக்கும் தாய் அஸ்மத் பேகத்துக்கும் அவள் கட்டியதுதான் இது. 1628இல் முடிந்தது. கியாஸ் பேக்கின் பேத்தி, நூர்ஜஹானின் அண்ணன் மகள், அர்ஜுமந்த் பானு. மும்தாஜ் மகால் என்றால் தெரியும். ஆக, நாளை பார்க்கப்போகும் தாஜில் இருப்பவளின் தாத்தா இங்கே இருக்கிறார்.

அதுவரை முகலாயர்கள் பெரும்பாலும் செம்மணற்கல்லில் கட்டி, ஆங்காங்கே வெள்ளைப் பளிங்கைச் சேர்த்தார்கள். இங்கே கட்டடம் முழுவதும் பளிங்கால் போர்த்தி, அதன் மேல் வண்ணக் கற்களைப் பதித்தார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் நேராகக் கட்டடத்துக்கு ஓடாதீர்கள். தோட்டத்தின் நடுவில் கல்லறை, அதிலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால், நாலு சதுரப் புல்வெளி. இதுதான் சார்பாக், நான்கு பாகத் தோட்டம். சொர்க்கத்தில் ஓடும் நான்கு ஆறுகள் என்ற எண்ணத்தின் தரைப்படம்.

இப்போது கட்டடத்துக்குப் போய், ஏதாவது ஒரு மூலைக் கோபுரத்தின் அருகே சுவரில் ஒரு சாண் அளவுப் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். நான் பார்த்தது ஒரு மதுக்குடுவை. கழுத்து மெலிந்து, வயிறு பருத்து, பக்கத்தில் இரண்டு கிண்ணம். குடுவையின் விளிம்பு ஒரு பழுப்புக் கல், வயிறு வேறொரு பழுப்பு. இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. நகத்தை வைத்துத் தேய்த்தால் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கல்லறையில் மதுக்குடுவையா என்று கேட்டால், சொர்க்கத்து விருந்து என்று விளக்கம் சொல்வார்கள். குடிப்பதில் ஜஹாங்கீருக்கு இருந்த பற்றும் ஊரறிந்ததுதான்.

உள்ளே கல் சல்லடைகள் வழியாக வரும் வெளிச்சத்தில் இரண்டு மஞ்சள் கல்லறைகள். சுற்று அறைகளின் கூரையில் வண்ண ஓவியங்கள் மிச்சமிருக்கின்றன. பின்னால் ஆற்றை நோக்கிய செம்மணற்கல் மண்டபம் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுவார்கள். காற்று அங்கேதான் வரும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

6. மதியம்: சாப்பாடு, பளிங்கு டப்பா

காலையில் நேரம் கிடைத்தால் பேடயி என்ற பருப்பு வைத்த பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் ஜிலேபியும் சாப்பிட்டுப் பாருங்கள். ஆக்ராக்காரர்களின் காலைச் சாப்பாடு அது. மதியம் எளிமையாக முடித்துக்கொண்டு அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள்.

ஏனென்றால் இந்த நேரத்தில்தான் ஓட்டுநர் "சும்மா பார்த்துவிட்டு வாங்க" என்று பளிங்குக் கடைக்கு அழைத்துப்போவார். கடையில் ஒருவர் சிறிய சாணைச் சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி, மறுகை விரல் நுனியில் அரிசி அளவு கல்லைப் பிடித்து இதழாகத் தேய்ப்பார். அந்தக் கலை நிஜம். பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் அலமாரியில் இருக்கும் டப்பாவைக் காட்டி, தாஜில் பதித்த அதே பளிங்கு என்பார்கள். நான் ஒன்று வாங்கினேன். வீட்டில் பையன் அதன் அடியில் ஊக்கால் தன் பெயரைக் கீறிவிட்டான். பளிங்கில் அவ்வளவு சுலபமாகக் கீற முடியாது. அது மாக்கல், நம் ஊர்க் கல்சட்டி ஜாதி. வாங்குவதென்றால் அடியில் நகத்தால் கீறிப் பாருங்கள். கடைக்காரர் தடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

7. மாலை: மெஹ்தாப் பாக்

நாலு மணிக்கு மறுபடி ஆற்றைத் தாண்டுங்கள். தாஜுக்கு நேர் எதிரே இருந்தாலும் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நெரிசலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மெஹ்தாப் பாக் என்றால் நிலவொளித் தோட்டம். ஷாஜஹான் தாஜோடு சேர்த்தே திட்டமிட்டது. தாஜ் தோட்டத்தின் அகலமும் இதன் அகலமும் ஒன்று, இரண்டின் நடுக்கோடும் ஒன்று. 1652இல் ஆக்ராவுக்கு வந்த ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தாஜின் குவிமாடம் ஒழுகுகிறது, நிலவொளித் தோட்டத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது என்று இரண்டையும் குறிப்பிடுகிறார். கட்டி முடிப்பதற்குள்ளேயே பராமரிப்புத் தொல்லை! அதன் பிறகு வண்டல் மூடி, வயலாகி, தோட்டம் இருந்ததே மறந்துபோனது. 1990களில் அகழ்ந்தபோது எண்கோணக் குளம் ஒன்று கிடைத்தது. நிலவொளியில் தாஜின் பிம்பம் அந்தக் குளத்தில் விழும்படி அமைத்திருந்தார்கள்.

ஷாஜஹான் தனக்காக இங்கே கருப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார் என்ற கதையை யாராவது உங்களிடம் சொல்வார்கள். பிரெஞ்சுப் பயணி தவெர்னியே தன் குறிப்பில், ஷாஜஹான் ஆற்றின் மறுகரையில் தனக்கு ஒரு கல்லறை எழுப்பத் தொடங்கினார் என்று எழுதியதிலிருந்து வளர்ந்த கதை அது. அகழாய்வில் அப்படி ஒரு கட்டடத்துக்கான அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது குளமும் வாய்க்காலும்தான்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆற்றோர வேலிப் பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். தெற்கே பார்த்து நிற்பீர்கள்; வெயில் வலப்பக்கமிருந்து வரும். வெள்ளையாக இருந்த சுவர் மெல்ல வெண்ணெய் நிறமாகி, அப்புறம் லேசாகச் செம்மை ஏறும். ஆற்று மணலில் எருமைகளை ஓட்டிக்கொண்டு யாராவது போவார்கள். அப்போது தாஜின் இடத்தைக் கவனியுங்கள். காலையில் பார்த்த கல்லறை தோட்டத்தின் நடுவில் இருந்தது. தாஜோ தோட்டத்தின் கடைசியில், ஆற்றின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாபரின் ஆற்றோர மேடை இதுதான். ஆற்றையும் இந்த மறுகரைத் தோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் தாஜ் மறுபடியும் நடுவில்தான் இருக்கிறது.

8. இரண்டாம் நாள் விடியல்: தாஜ்

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் வாசல் திறக்கும். அதற்கும் அரை மணி முன்னால் வரிசையில் நில்லுங்கள். நுழைய கிழக்கு, மேற்கு வாசல்கள். தெற்கு வாசல் வழியாக உள்ளே விடுவதில்லை. கிழக்கு வாசலுக்கான வாகன நிறுத்தமும் சீட்டுக் கூடமும் ஷில்ப்கிராமில் இருக்கின்றன. அங்கிருந்து பேட்டரி வண்டி அல்லது நடை. பெட்ரோல் வண்டிகளுக்கு அருகில் அனுமதி இல்லை.

சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. உள்ளே எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெரிய பை, சாப்பாடு, பீடி, சிகரெட், லைட்டர், கத்தி, கேமரா முக்காலி எதுவும் வேண்டாம். மொபைலும் தண்ணீர் பாட்டிலும் போதும். சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான்.

முதலில் வருவது செம்மணற்கல் பெருவாசல். எல்லாரும் அதன் வளைவுக்குள் தாஜ் தெரிகிற இடத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் வெளியிலேயே நின்று, வளைவைச் சுற்றி ஓடும் கருப்பு எழுத்துகளை அண்ணாந்து பாருங்கள். கீழிருந்து மேல்வரை ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காக. இதை எழுதியவர்தான் அமானத் கான், நேற்று பார்த்த உதிர்ந்த ஓட்டுக் கல்லறைக்காரரின் சகோதரர். இந்த வாசலில் அவர் பொறித்த குரான் வசனங்கள் "என் சொர்க்கத்துக்குள் நுழைவாயாக" என்ற பொருளில் முடிகின்றன.

உள்ளே போனதும் கூட்டம் நடு வாய்க்கால் ஓரமாக நேராகப் போகும். நீங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி மர நிழலில் நடங்கள். தோட்டம் இப்போது புல்வெளியாக இருப்பது பிரிட்டிஷார் காலத்து ரசனை. முகலாயர் காலத்தில் பழ மரங்களும் பூச்செடிகளும் அடர்ந்திருந்தன. இந்த நீரூற்றுகளுக்குத் தண்ணீர் எப்படி வந்தது தெரியுமா? நம் ஊர்க் கமலைதான். மாடுகள் சரிவில் இறங்க, தோல் பை கிணற்றிலிருந்து மேலே வரும். அப்படி ஆற்று நீரைத் தூக்கி, உயரமான கால்வாயில் ஓடவிட்டு, மேல்தொட்டியில் நிரப்பி, அந்த அழுத்தத்தில் மண்ணுக்கடியில் குழாய் வழியாக நீரூற்றுக்குக் கொண்டுவந்தார்கள். மேற்குச் சுவருக்கு வெளியே அந்தக் கால்வாயின் மிச்சம் இருக்கிறது. உலகமே வியக்கும் தோட்டம், மாடுகளை நம்பி இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

மேடை ஏறும்போது செருப்புக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. மும்தாஜ் 1631 ஜூனில் புர்ஹான்பூரில் 14ஆவது பிரசவத்தில் இறந்தாள். அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, வளாகம் முழுவதும் முடிய 1653 ஆனது. அறையின் நட்டநடுவில் இருப்பது அவளுடைய கல்லறை. அதன் மேற்கே சற்றுப் பெரிதாக, எந்த ஒழுங்கிலும் சேராமல் இருப்பது ஷாஜஹானுடையது. இடமும் வலமும் இம்மி பிசகாமல் அமைந்த வளாகத்தில் இந்த ஒன்றுதான் கோணல். உண்மையான சமாதிகள் கீழ் அறையில். ஷாஜஹானின் உர்ஸ், அதாவது நினைவு விழா, நடக்கும் நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள்.

வெளியே வந்து ஏதாவது ஒரு பூப்பதிப்பில் சிவப்பு இதழைத் தேடுங்கள். அது சூதுபவளம். காலை வெயில் சாய்வாகப் படும்போது உள்ளே தணல் இருப்பது போல ஒளிரும். நேற்று இதிமாத்-உத்-தௌலாவில் சுவர் முழுக்கக் கம்பளம் விரித்தது போல அடைத்துவைத்திருந்தார்கள். இங்கே வெள்ளையை வெறுமையாக விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணம். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், கிட்டே நின்று பார்க்கப் பாட்டி, எட்ட நின்று பார்க்கப் பேத்தி.

நாலு மினார்களும் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்தவை. மேற்கே இருப்பது மசூதி. கிழக்கே அதே போல இருப்பது சமநிலைக்காகக் கட்டிய விருந்தினர் மண்டபம். தாஜைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜஹான் வெட்டிய கதையை வழிகாட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆதாரம் கிடையாது.

பௌர்ணமியன்றும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இரவுகளும் சிறு சிறு குழுக்களாக அரை மணி நேரம் இரவில் பார்க்க விடுகிறார்கள். வெள்ளியும் ரமலான் மாதமும் தவிர. பெருவாசல் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும், கிட்டே போக முடியாது. கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்காகவே பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

9. கோட்டை

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை. 1565இல் அக்பர் தொடங்கி எட்டு ஆண்டுகளில் செம்மணற்கல்லில் எழுப்பியது. சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். பெரும்பகுதி ராணுவத்திடம் இருக்கிறது. அமர் சிங் வாசல் வழியாக நமக்குத் திறந்துவிட்டிருப்பது ஒரு பகுதிதான். அதுவே இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

அக்பர் கட்டிய ஜஹாங்கீரி மகாலில் தாங்குகட்டைகளையும் உத்தரங்களையும் பார்த்தால் நம் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். கல்லை மரம் போல இழைத்திருக்கிறார்கள். அடுத்த முற்றத்துக்குப் போனால் ஷாஜஹான் காலத்து வெள்ளை தொடங்கிவிடும். காஸ் மகாலுக்கு முன்னால் அங்கூரி பாக். திராட்சைத் தோட்டம் என்று பெயர், பாத்திகளைப் பிரிக்கும் கல் வரப்புகள் பாய் பின்னியது போன்ற கோலம். அதை மேலிருந்து பாருங்கள்.

ஆற்றுப் பக்கம் எண்கோணமாக நீட்டிக்கொண்டிருப்பது முஸம்மன் புர்ஜ். 1658 முதல் 1666இல் இறக்கும்வரை ஷாஜஹானை ஔரங்கசீப் இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார். மகள் ஜஹானாரா கூட இருந்தாள். இங்கிருந்து தாஜ் ஆற்று வளைவில் சின்னதாகத் தெரியும். கூட்டம் முட்டித் தள்ளும் இடம் இது. கைப்பையையும் தின்பண்டத்தையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

10. டெல்லி திரும்பும் வழியில்: சிக்கந்தரா

டெல்லி சாலையில் ஆக்ராவைத் தாண்டும் இடத்தில் அக்பரின் கல்லறை. சாலை வழியாகத் திரும்புகிறவர்கள் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டே இறங்கிப் பார்க்கலாம். போகும் வழியில் பேட்டா வாங்கிக்கொள்ளுங்கள். நாம் திருஷ்டி சுற்றி உடைக்கும் அதே பூசணிக்காயைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்த இனிப்பு. உலர்ந்தது ஊர் வரை தாங்கும். பாகோடு இருப்பது தாங்காது.

சிக்கந்தராவில் தோட்டம்தான் பெரிது. 119 ஏக்கர். நான்கு பாகங்களிலும் வெளிமான்கள் மேய்கின்றன, பாதையிலிருந்தே பார்க்கலாம். ஐந்து அடுக்குக் கட்டடத்தின் கீழே, சரிவான இருண்ட வழியில் இறங்கிப்போனால், அலங்காரம் ஏதுமில்லாத உயரமான ஓர் அறை, நடுவில் ஒரு வெறும் கல், மேலே தொங்கும் ஒரு விளக்கு. காவலாளி குரல் கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி மேலே ஏறும். 1680களில் முகலாயரை எதிர்த்துக் கிளர்ந்த ஜாட் சமூகத்தினர் சூறையாடியதில் இழந்தது ஏராளம்.

வெளியே வரும்போது தெற்கு வாசலின் முன்பக்கத்தில் ஓடும் எழுத்துகளை நின்று பாருங்கள். 1613இல் முடிந்த வேலை. ஏதேன் தோட்டங்கள் இவை, உள்ளே வந்து என்றும் வாழ்க என்ற பொருளில் ஒரு பாரசீக வரி. எழுதியவர் கீழே தன் பெயரைப் பொறித்திருக்கிறார்: அப்துல் ஹக் ஷிராஸி. அமானத் கான் என்ற பட்டம் அப்போது அவருக்கு இன்னும் வரவில்லை.